நைட்ரேட் குறைவு என்றால் கிணறு சுத்தமா?

கேள்வி: கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு. மேட்டில் 300 மீட்டர் தள்ளி நகராட்சிக் குப்பைக் கிடங்கு இருக்கிறது. இரண்டு வருஷமாகக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு வாடை. மாடு வாய் வைப்பதில்லை. சோதனையில் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த மொத்த உப்பு) 1,400, நைட்ரேட் 6 என்று வந்தது, இரண்டும் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில். "அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இனி என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த நைட்ரேட்டைப் பார்ப்போம். உரம் போடும் தோப்புக் கிணற்றில் வெறும் 6 என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். குப்பை ஊறி வடியும் கருஞ்சாறு நிலத்தடியில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறாது, அம்மோனியாவாகவே நிற்கும். உங்கள் அறிக்கையில் அம்மோனியா என்ற வரியே இல்லையே? ஆய்வகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, கேட்டதைத்தான் பார்ப்பார்கள். அடுத்த முறை அம்மோனியா, குளோரைடு, சிஓடி (கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு), இரும்பு, மாங்கனீசு, ஈயம், ஈ.கோலி (மலக்கிருமி) என்று எழுதிக் கொடுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் (ஐஎஸ் 10500) அம்மோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

டிடிஎஸ் கதை வேறு. ஏற்கத்தக்க அளவு 500. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாதபோதுதான் 2,000 வரை விடுகிறார்கள். அந்த இரண்டாவது எண்ணை வைத்து உங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

வீட்டிலேயே ஒன்று செய்யலாம். வெள்ளை பக்கெட்டில் தண்ணீர் இறைத்து ஒரு மணி நேரம் அப்படியே வையுங்கள். இறைத்தபோது தெளிவாக இருந்தது மெல்லக் காவியேறி, அடியில் துருப்பொடி படிந்தால் அதில் கரைந்த இரும்பு இருக்கிறது. இரும்பு பாறையிலிருந்தும் வரும் என்பதால் இது துப்புதான், சாட்சி இல்லை. அதேபோல் ஃபுளோரைடு கூடுதலாக வந்தால் கிடங்கின் தலையில் போடாதீர்கள். பாலக்காட்டின் கிழக்குப் பகுதியில் அது பாறையின் வேலை.

சாட்சி வேண்டுமென்றால் ஒரு கிணறு போதாது. கிடங்குக்கு மேல்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் இரண்டு என்று எடுங்கள். ஒரே நாள், ஒரே ஆய்வகம், ஒரே பட்டியல். சித்திரையில் ஒரு தடவை, ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஒரு தடவை. மேல்கிணற்றில் குளோரைடும் அம்மோனியாவும் குறைவாக இருந்து, கீழே இரண்டிலும் ஏறியிருந்தால் மறுப்பது கஷ்டம். ஒரு எச்சரிக்கை: நம் பக்கம் கடும்பாறை. தண்ணீர் சரிவை மட்டும் பார்த்துப் போகாது, வெடிப்பு போகிற பக்கமும் போகும். பக்கத்தில் பெரிய மோட்டார் போட்ட போர்வெல் இருந்தால் அதுவும் இழுக்கும். ஆகவே கிணறுகளின் நீர்மட்டத்தையும் அன்றே அளந்து குறித்துவையுங்கள்.

மாதிரி எடுக்கக் கூல்டிரிங்ஸ் பாட்டில் வேண்டாம். ஆய்வகத்தில் பாட்டில் கேட்டு வாங்குங்கள். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் சுத்திகரித்த பாட்டிலைக் கழுவாமல் அப்படியே நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோய்ச் சேருங்கள்.

இனி நகராட்சி. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பை புதைக்கும் இடத்தின் அடியில் 90 செ.மீ. களிமண்ணும் அதன்மேல் 1.5 மி.மீ. எச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) விரிப்பும் கேட்டன. குடிநீர்க் கிணற்றிலிருந்து 200 மீட்டர் விலகலையும் கேட்டன. எனவே உங்கள் 300 மீட்டரை வைத்து வாதாடாதீர்கள், தோற்றுப்போவீர்கள். பிடி வேறிடத்தில் இருக்கிறது: அதே விதிகளின்படி கிடங்கு தொடங்குமுன் நிலத்தடி நீரைச் சோதித்துப் பதிவு வைத்திருக்க வேண்டியிருந்தது, பிறகு எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் கோடை, மழை, மழைக்குப் பின் என்று கண்காணிக்க வேண்டியிருந்தது. நகராட்சிக்கு மனு எழுதி அந்தப் பதிவுகளைக் கேளுங்கள். வெறும் குவியலாகக் கொட்டிவைத்த இடமென்றால் விரிப்பும் இருக்காது, பதிவும் இருக்காது. "இல்லை" என்ற பதிலை எழுத்தில் வாங்கினால் அதுவே ஆவணம்.

மனுவின் நகல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் போகட்டும். மலையாளத்தில் எழுத ஆள் தேட வேண்டியதில்லை. கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசுக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம் என்கிறது. பதிலும் தமிழில் வர வேண்டும்.

அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பும் உலோகமும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். தென்னைக்குப் பாய்ச்சுவதை குளோரைடு அளவு தெரிந்த பிறகு முடிவு செய்யலாம். அடுத்த அறிக்கை வந்ததும் அனுப்புங்கள்.