வழக்கு இல்லாதபோது வக்கீல் எதற்கு?

கேள்வி: குடிநீர்ப் பணி செய்யும் சிறிய தொண்டு நிறுவனமொன்றின் செயலாளர் நான். எங்கள்மீது வழக்கு எதுவும் இல்லை. சட்ட ஆலோசனைக்கு நிதி ஒதுக்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் வற்புறுத்துகிறார். இது வீண் செலவு ஆகாதா?

பதில்: உங்கள் குழு உறுப்பினர் சொல்வதே சரி. வழக்கு வந்த பிறகு வக்கீல் செய்யக்கூடியது குறைவு; கையெழுத்திடும் முன்புதான் அவரால் அதிகப் பயன். உங்கள் பணியிலிருந்தே பார்ப்போம். ஊர்ப் பொதுக் கிணற்றுக்காக ஒருவர் தம் நிலத்தின் ஒரு மூலையை மனமுவந்து காட்ட, நீங்களும் அவர் வாய்ச்சொல்லை நம்பி, நன்கொடையாளர் பணத்தில் ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் தொட்டியும் அமைத்துவிடுகிறீர்கள். அவர் காலமாகி நிலம் மகன் கைக்கு வந்ததும் வேலிக் கதவில் பூட்டுத் தொங்குகிறது. மகனைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர் எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லையே! தண்ணீர் எடுக்கும் உரிமை யாருக்கு, நடைபாதை எது, நிலம் கைமாறினாலும் அவ்வுரிமை நீடிக்குமா என்பதை எழுதி முறைப்படி பதிவு செய்திருந்தால், அந்தப் பூட்டுக்கு இடமிருந்திருக்காது.

நிதி ஒப்பந்தங்களிலும் இதே கதைதான். தொகையையும் தவணையையும் பார்த்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திடுகிறோம்; தணிக்கையில் ஏற்கப்படாத செலவைத் திருப்பித் தரவேண்டும், கூட்டாளி நிறுவனத்தின் தவறுக்கும் நாமே பொறுப்பு என்பவை நடுப்பக்கங்களில் இருக்கும். நிதி தருபவரிடம் ஒரு ஷரத்தை மாற்றக் கேட்பது மரியாதைக் குறைவு என்று பலர் தயங்குவது எனக்கு விளங்கவே இல்லை. பணம் கொடுத்து வெளியாரிடம் எழுதி வாங்கிய பயிற்சிக் கையேட்டின் பதிப்புரிமைகூட, எழுத்து மூலம் மாற்றித் தரப்படாவிட்டால், பல நாடுகளில் எழுதியவரிடமே தங்கிவிடும்.

கட்டணத்துக்கு அஞ்ச வேண்டாம். லண்டனில் 2006இல் தொடங்கிய ஏ4ஐடி, தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் டிரஸ்ட்லா போன்ற அமைப்புகள் உங்களைப் போன்ற தொண்டு நிறுவனங்களைக் கட்டணம் வாங்காத வழக்கறிஞர்களோடு இணைத்துவைக்கின்றன. ஆனால் நிலம், பதிவு போன்றவற்றுக்கு அந்தந்த நாட்டுச் சட்டம் அறிந்தவரே தேவை. யாரிடம் போனாலும், மூல ஒப்பந்தத்தையும் பின்னர் நடந்த கடிதப் போக்குவரத்தையும் எடுத்துக்கொண்டு, கேட்க வேண்டியதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொண்டு, கையெழுத்திட வேண்டிய நாளுக்குச் சில வாரங்கள் முன்னதாகவே போங்கள்.