லூசன் என்றால் அவிழ்ப்பதா, தளர்த்துவதா?

ஆங்கிலத்தில் 'லூசன்' என்ற வினைச்சொல்லும் 'அன்டை'யும் ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அன்டை என்றால் முடிச்சை முழுதாக அவிழ்ப்பது. லூசன் என்றால் இறுக்கத்தைக் குறைப்பது, பிடிப்பு கொஞ்சம் மிச்சமிருக்கும். ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர், சாயங்காலம் பாதம் வீங்கியதும் குனிந்து லேஸைக் கொஞ்சம் நெகிழ்த்திக்கொள்கிறாரே, ஷூ காலிலேயேதான் இருக்கிறது, அதுதான் லூசன். ஸ்பேனரால் நட்டை அரைச்சுற்று திருப்புவதும் அப்படியே. விதிகளைத் தளர்த்துவது, ஆணி தானாகத் தளர்ந்துபோவது எல்லாவற்றுக்கும் இதே சொல் போதும்.

அப்புறம், கூடவே 'அப்' சேர்ந்தால்தான் ருசியே. வேலூர் கோட்டை மைதானத்தில் ஓடுவதற்கு முன் கை காலை உதறி, இடுப்பைச் சுழற்றித் தசைகளை இளக்கிக்கொள்வது லூசன் அப். விறைப்பாக உட்கார்ந்திருக்கும் நண்பரிடம் சொன்னால் 'இறுக்கமா இருக்காதீங்க, இயல்பா பேசுங்க' என்று பொருள். மேலதிகாரியிடம் மட்டும் சொல்லாதீர்கள், மரியாதைக் குறைவாகப் படும்.

'அன்லூசன்' என்றும் ஒரு சொல் உண்டு. முன்னால் 'அன்' இருந்தாலும் எதிர்ப்பொருள் கிடையாது, அதற்கும் தளர்த்துவது என்றே அர்த்தம். எழுதும்போது, தொலைப்பதைக் குறிக்கும் 'லூஸ்' ஒற்றை ஓ, லூசனுக்கு இரட்டை ஓ, இதைக் கட்டாயம் கவனியுங்கள்.