மின்சாரக் காரில் ராமேஸ்வரம்: விரைந்து ஓட்டுவதா, நிறுத்தத்தைக் குறைப்பதா?

திருச்சியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு 40 யூனிட் பேட்டரி உள்ள காரில் வரும்போது, 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி வழியில் ஒருமுறை சார்ஜ் ஏற்றுவது சீக்கிரமா, 80-இல் ஓட்டி நிற்காமல் வந்துவிடுவது சீக்கிரமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கீழக்கரையில் வசிப்பவன். ஏறக்குறைய உங்களுடையதைப் போன்ற காரையே வைத்திருக்கிறேன். வழியில் உள்ள சார்ஜர் ஒரு மணி நேரத்தில் எத்தனை யூனிட் ஏற்றும் என்று தெரியாமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

காற்று அடங்கிய நாளில் என் கார் நூறு கிலோமீட்டருக்கு, 80 வேகத்தில் சுமார் 12 யூனிட்டும் 100 வேகத்தில் சுமார் பதினைந்தரை யூனிட்டும் செலவழிக்கிறது. டயரின் உராய்வு வேகத்தோடு அதிகம் மாறுவதில்லை. காற்றின் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், 80-லிருந்து 100-க்குப் போகும்போதே ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. அந்த நூறு கிலோமீட்டரில் வேகத்தால் மிச்சமாவது 15 நிமிடம், கூடுதலாகச் செலவாவது மூன்றரை யூனிட். 30 கிலோவாட் சார்ஜர், அதாவது மணிக்கு 30 யூனிட் ஏற்றுவது, அதை 7 நிமிடத்தில் ஏற்றிவிடும் என்பதால் அங்கே வேகமே லாபம். 15 கிலோவாட்டில் ஏற்ற 14 நிமிடம் ஆகும் என்பதால் கணக்கு சரிக்குச் சரியாகிவிடும். விடுதிகளில் இருக்கும் 7 கிலோவாட் சார்ஜரில் அரை மணி நேரம் பிடிக்கும் என்பதால் விரைந்து ஓட்டியது முழு நஷ்டம். 30 கிலோவாட் சார்ஜரும் 80 சதவீதத்தைத் தாண்டியதும் சுணங்கிவிடும் என்பதை மறந்துவிட்டுப் பலர் நூறு சதவீதம் வரை காத்துக்கிடக்கிறார்கள்.

அப்படிக் காத்துக்கிடந்தவர்களில் நானும் ஒருவன். ஓர் ஆடி மாதத்தில் மச்சானை அழைத்துவர தூத்துக்குடி விமான நிலையத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனேன். ஏர்வாடியைத் தாண்டியதிலிருந்தே பனை ஓலைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து சலசலத்துக்கொண்டிருந்தன. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று நேராக முகத்தில் அடிக்கிறது என்பதை அந்த ஓலைகளைப் பார்த்தே புரிந்துகொண்டிருக்க வேண்டும். நான் 100-ஐ விடாமல் மிதித்தேன். முழு சார்ஜில் புறப்பட்ட கார், நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடியதுமே 45 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. பதற்றத்தில் அங்கே சார்ஜரில் மாட்டினேன். 80 சதவீதம் வர அரை மணி நேரம், அதன்பின் நூறு சதவீதம் நிறையும்வரை விட்டதில் இன்னொரு மணி நேரம் போயிற்று. திரும்பும்போது அதே கச்சான் பின்னாலிருந்து தள்ள, 80-இல் நிதானமாக ஓட்டி, வீட்டுக்கு வந்தபோது பேட்டரியில் 70 சதவீதம் மிஞ்சியிருந்தது. அந்த ஒரு மணி நேரத்தை மச்சான் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறான்.

காருக்குத் தெரிவது ஸ்பீடோமீட்டர் காட்டும் எண் அல்ல, அதன் முகத்தில் மோதும் காற்றின் வேகம்தான். மணிக்கு 30 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் 80-இல் ஓடும் கார், காற்றில்லாத நாளில் 110-இல் ஓடும்போது எவ்வளவு எதிர்ப்பைத் தள்ள வேண்டுமோ அவ்வளவையும் தள்ளுகிறது. ஆகவே தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் எங்கள் கரையோரத்தில் மேற்கு நோக்கிப் போகும்போது வேகத்தைக் குறைப்பதும், திரும்பும்போது கூட்டிக்கொள்வதும் என் வழக்கமாகிவிட்டது.

உங்கள் பயணத்துக்கு வருகிறேன். தூரம் ஏறக்குறைய 235 கிலோமீட்டர். 80-இல் வந்தால் 28 யூனிட் போதும், நிறுத்தமே தேவையில்லை. 100-இல் வந்தால் 36 யூனிட் ஆகும்; மிஞ்சும் நான்கு யூனிட்டை நம்ப முடியாது என்பதால் ராமநாதபுரத்தில் நிறுத்தியே ஆக வேண்டும். ஓட்டத்தில் மிச்சமாகும் 35 நிமிடத்தை, சார்ஜரைத் தேடிப் போவதும், முன்னால் நிற்கும் கார் விலகக் காத்திருப்பதும், செயலியில் பணம் கட்டுவதும் அப்படியே விழுங்கிவிடும். காரைக்குடிக்கு இப்பால் ஊர்களும் ஆடுமாடுகளும் குறுக்கிடும் சாலையில் 100-ஐத் தொடர்ந்து பிடிக்கவும் முடியாது என்பதால், நான் 80-இல்தான் வருவேன்.

மதியச் சாப்பாட்டுக்கு எப்படியும் ராமநாதபுரத்தில் நிறுத்துவதாக இருந்தால் மட்டும் அந்த நேரத்தில் சார்ஜரில் மாட்டிவிட்டு, 80 சதவீதத்தோடு கழற்றிக்கொள்ளுங்கள். மறுநாள் அரிச்சல்முனை வரை போய்வர அது தாராளமாகப் போதும். பாம்பன் பாலத்தில் வேகத்தைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை; ரயில் பாலத்தைப் பார்க்க முன்னால் போகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டிவிடுவதால், நீங்களும் ஊர்ந்துதான் போவீர்கள்.