விலை மாறவில்லை, தவணை ஏன் ஏறுகிறது?

அன்புள்ள ஐயா,
2021-இல் வீடு வாங்க இஸ்லாமிய வங்கியில் நிதி எடுத்தேன். வட்டி கிடையாது என்றுதான் அங்கே போனேன். 2022 மே முதல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தன் கொள்கை வட்டி விகிதமான ஓபிஆரை ஏற்றியபோதெல்லாம் என் தவணையும் ஏறியது. அப்படியானால் வட்டிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இந்த ஏற்றத்தில் வங்கிக்குக் கொள்ளை லாபம்தானே?
– ஒரு வாசகர், கிள்ளான்

அன்புள்ள நண்பருக்கு,

இஸ்லாமிய வங்கி வட்டிக்குக் கடன் தருவதில்லை, லாபம் சேர்த்து விற்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் அந்த விற்பனை விலையைத் தேடுங்கள். 300,000 ரிங்கிட் நிதிக்கு 948,000 போலப் போட்டிருந்தால் பதறாதீர்கள். 30 ஆண்டுக்கு, 10 சதவீத உச்ச வரம்பில் கணக்கிட்ட விலை அது. அதன்படி மாதம் 2,633 ரிங்கிட். அவ்வளவு வாங்குவதில்லை. நடப்பு விகிதத்துக்கு மேற்பட்டதை வங்கி விட்டுக்கொடுக்கிறது, அதுதான் இப்ரா. 3 சதவீதத்தில் தவணை 1,265. ஓபிஆர் 1.75-இலிருந்து 3.00-க்குப் போனதும் உங்கள் விகிதமும் அதே அளவு ஏறி 4.25 ஆகிறது; அந்தத் தள்ளுபடி சுருங்குகிறது, தவணை 1,476 ஆகிறது. அந்த வரம்பைத் தாண்டி உங்களிடம் ஒரு சென்கூடக் கேட்க முடியாது. வேறுபாடு அங்கே இருக்கிறது.

முன்பு இப்படி இல்லை. விற்ற விலையும் தவணையும் கடைசிவரை ஒன்றுதான். 1998 நெருக்கடியில் வழக்கமான வங்கிகளின் அடிப்படைக் கடன் விகிதம் 12 சதவீதத்தைத் தாண்டியபோது, இஸ்லாமிய வங்கியில் வீடு வாங்கியவர் பழைய தவணையையே கட்டினார். அவருக்கு நிம்மதி. வங்கிக்கு? வருமானம் நிலையாக நிற்க, சேமிப்பாளருக்கு மட்டும் எப்படிக் கூட்டிக் கொடுப்பது? எதிர்க்கடையில் அதிகம் கிடைத்தால் பணம் அங்கே போய்விடும். சேமிப்பு வராமல் எந்த வங்கியும் வளராது. 2003-இல் மாறும் விகிதம் வந்ததற்குக் காரணம் இதுதான்.

கொள்ளை லாபம் என்பதும் சரியில்லை. 2020-இல் ஓபிஆர் 3.00-இலிருந்து 1.75-க்கு இறங்கியது. வீட்டுத் தவணைகள் உடனே குறைந்தன. ஆனால் சேமிப்பாளரின் தவணை வைப்புக்கு (ஃபிக்ஸட் டெபாசிட்) ஒப்புக்கொண்ட பழைய விகிதத்தை மட்டும் வங்கி முதிர்வுவரை கொடுத்தாக வேண்டியிருந்தது. ஏறும்போதோ, சேமிப்பாளருக்குக் கூட்டிக் கொடுக்க வேண்டும்; நிலையான விகிதத்தில் கொடுத்த வாகன நிதியின் வருமானம் ஏறாமல் வங்கியைப் பிடித்து இழுக்கும்.

என் வருத்தம் வேறு. லாபத்தையும் நட்டத்தையும் பகிரும் முதலீட்டுக் கணக்கை 2013-இன் இஸ்லாமிய நிதிச் சேவைகள் சட்டம் வைப்பிலிருந்து தனியாகப் பிரித்தது. ஓபிஆரின் பிடியிலிருந்து கொஞ்சமாவது விலக அதுதான் வழி. ஆனால் செம்பனை எண்ணெயைப் பெயருக்கு வாங்கி உடனே விற்று, அந்த விற்பனை லாபத்தைக் கொண்டு தவணை வைப்பைப் போலவே ஒன்றைச் செய்வது வங்கிகளுக்கு எளிதாக இருக்கிறது. அந்த வழியிலேயே போய்க்கொண்டிருந்தால் பேங்க் நெகாரா அசையும்போதெல்லாம் இந்த வங்கிகளும் சேர்ந்து அசையத்தான் செய்யும்.

உங்கள் வங்கியில் முதலீட்டுக் கணக்கு உண்டா என்று கேட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அதற்கு வைப்புக் காப்புறுதி கிடையாது.