நீரில்லாத ஆறும் புகையில்லாத நெருப்பும்

வேலூரில் எங்கள் வாசகர் வட்டத்துக்குப் புதிதாக வந்தவர்கள் மெய்யியல் (தத்துவம்) பற்றி எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு, அளவையியல் (தருக்கம்) கற்பித்து ஓய்வுபெற்ற மூத்த உறுப்பினர் அளித்த விடைகள் இவை.

காட்பாடி மாணவி: ஐயா, மெய்யியல் கேள்வி என்பது எப்படி இருக்கும்?

‘நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில்’ என்று நம் ஊரைக் கேலி செய்வதைக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் மணலாகக் கிடக்கும் பாலாற்றை எதனால் ஆறு என்கிறோம்? கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் நெடுங்காலம் மூலவர் இல்லை. 1981இல்தான் லிங்கம் மீண்டும் வைக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அது கோயிலா, வெறும் கட்டடமா? பலகைகளையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றிய பின்னும் தீசியஸ் என்ற பழங்கதை வீரனின் கப்பல் அதே கப்பல்தானா என்று கிரேக்கர் கேட்டதும் இந்த வகைக் கேள்விதான்.

குடியாத்தம் வாசகர்: தருக்கம் என்றால் எதிராளியை மடக்கிப் பேசுவதுதானே?

அது பட்டிமன்றம். எதிலிருந்து எது பெறப்படும் என்று பார்ப்பதே தருக்கம். மணிமேகலையின் 29ஆம் காதையில், ‘இம்மலை நெருப்புடையது; புகையுடைமையால்; அடுக்களை போல’ என்ற கருத்தமைந்த வாதம் வருகிறது. முதலாவது பக்கம் (நிறுவ வேண்டிய கருத்து), அடுத்தது ஏது (காரணம்), மூன்றாவது திட்டாந்தம் (எடுத்துக்காட்டு). இதைத் திருப்பிப் போட்டு, ‘நெருப்பு இருப்பதால் புகையும் இருக்கும்’ என்றால் வாதம் உடைந்துவிடும். கொல்லன் உலையிலிருந்து எடுத்த பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. வாதத்தின் வடிவம் சரியாக இருந்தாலும் ஏது பொய்யானால் முடிவை நம்ப முடியாது. மார்கழிக் காலையில் நம் மலைகளின் மேல் படியும் பனியைப் புகையென்று எண்ணித் தீயணைப்பு நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னவன் நான்.

சத்துவாச்சாரி வாசகர்: கடவுள் உண்டா, இல்லையா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

‘உண்டு’ என்ற சொல்லால் எதைக் குறிக்கிறீர்கள் என்று முதலில் எழுதி அனுப்புங்கள். அதற்கே ஒரு பக்கம் தேவைப்படும்.

ஆம்பூர்த் தோல் தொழிலாளி: எங்கள் கூலியும் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்துதான், பாலாற்றுக் கழிவும் அங்கிருந்துதான். எது அறம்?

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தபோது, மாசுபடுத்தியவரே இழப்பீட்டையும் சீரமைப்புச் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்றது. தோல் பதனிடும் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. செலவு யாருடையது என்பதற்கு இது விடை தருகிறது. ஆனால், பணம் கட்டிவிட்டால் கெடுக்கலாமா என்பது வேறு கேள்வி. விளைவை எடைபோடும் பயன்வழி அறத்தார் ஆயிரம் குடும்பங்களின் கூலியை ஒரு தட்டிலும் உப்பேறிய கிணறுகளை மறுதட்டிலும் வைப்பார்கள். கடமையை முன்வைக்கும் ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட்டின் வழியினரோ, ஒருவருடைய குடிநீரை அவர் இசைவின்றிப் பிறர் வருமானத்துக்குக் கருவியாக்கலாகாது என்பார்கள். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். ஆயினும் ஆலையை மூடினால் முதலில் வேலை இழப்பவர் நீங்கள் என்பதால், உங்கள் கூலிக்கு மாற்று என்ன என்று சொல்லாத வரை என் விடையும் பாதிதான்.