அவள் வாய் திறக்கும் வரை

கேள்வி: ஐரோப்பிய நகரம் ஒன்றில் வேலைக்காக வந்து தங்கியிருக்கும் கறுப்பினப் பெண்ணின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? நிறவெறி உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது மிகைப்படுத்திச் சொல்கிறார்களா?

நான் கறுப்பினப் பெண் அல்ல, திருச்சிக்காரி. சொந்தக்காரர்கள் வாயில் "கறுப்பி" என்று பெயர் வாங்கி வளர்ந்தவள்தான். ஆனால் அதைக் காட்டி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் உரிமையைக் கோர மாட்டேன். 2019 முதல் 2023 வரை பாரிஸின் 18ஆம் வட்டாரத்தில், மார்க்ஸ் டோர்முவா மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில், அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஒருத்தியோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருந்தேன். அவள் ஊர் அட்லாண்டா, வேலை மென்பொருள். பெயர் வேண்டாம் என்றாள், அதனால் அட்லாண்டாக்காரி என்றே எழுதுகிறேன். இதை எழுதிமுடித்து, ஒவ்வொரு பத்தியாக அவளுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். ஓரிடத்தில் மட்டும் திருத்தினாள். அது எந்த இடம் என்பதை அங்கேயே சொல்கிறேன்.

நிறவெறி இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஆனால் அது எந்த வடிவத்தில் வருகிறது என்பதுதான் எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது.

பாரிஸில் கடைக்குள் நுழைந்ததும் "போன்ஜூர்", அதாவது வணக்கம், சொல்லியாக வேண்டும். சொல்லாமல் நேராகப் போய் "ஒரு ரொட்டி" என்றால் வெள்ளைக்காரருக்கும் முகச்சுளிப்புதான் கிடைக்கும். அட்லாண்டாக்காரி இந்த போன்ஜூரைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள். மரியாதை மிகுந்து போனதால் அல்ல. துணிக்கடையில் அவள் சத்தமில்லாமல் நுழைந்தால் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி பின்னாலேயே வருவார். வேடிக்கை என்னவென்றால் பாரிஸ் கடைவாசல்களில் நிற்கும் செக்யூரிட்டிகளில் ஏராளமானோர் ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்கள். கறுப்பர் ஒருவர் கறுப்பினப் பெண்ணின் கைப்பையைப் பார்த்துக்கொண்டே வருவார். ஆனால் அவளுடைய போன்ஜூரில் அந்த அமெரிக்க இழுவை காதில் விழுந்துவிட்டால் போதும், அவர் நின்றுவிடுவார். கல்லாவில் இருப்பவர் "ஆ, அமெரிக்காவா? நியூயார்க்கா?" என்று மலர்ந்துவிடுவார். வாய் திறக்கும் வரை அவள் மாலியிலிருந்தோ செனகலிலிருந்தோ வந்தவள். திறந்த பிறகு விருந்தாளி.

இதில் ஒரு கொடுமை உண்டு. அவள் பிரெஞ்சு நன்றாகப் பேசக் கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள, அந்த இழுவை தேய்ந்துகொண்டே வந்தது. கூடவே மரியாதையும் தேய்ந்தது. மூன்றாம் வருடம் முதல், அரசு அலுவலகங்களுக்குப் போகும்போது வேண்டுமென்றே பிரெஞ்சைக் கெடுத்துப் பேச ஆரம்பித்தாள். வினைச்சொற்களைத் தப்பாகப் போடுவாள், இடையிடையே ஆங்கிலம் கலப்பாள். எனக்கு நேர்மாறான கவலை. நான் தப்பில்லாமல் பேசினால்தான் மதிப்பார்கள் என்று இலக்கணப் புத்தகத்தோடு மாரடித்துக்கொண்டிருந்தேன். ஒரே வீட்டில் ஒருத்தி மொழியைக் கற்றுக்கொண்டிருந்தாள், இன்னொருத்தி மறந்துகொண்டிருந்தாள்.

பிரெஞ்சில் வெளிநாட்டில் வந்து வேலை பார்ப்பவருக்கு "எக்ஸ்பா" என்றும் "இமிக்ரே" என்றும் இரண்டு சொற்கள். சட்டப்படி என்ன வித்தியாசம் என்று கேட்காதீர்கள். வழக்கில், முதலாவது பணக்கார நாட்டுக்காரருக்கு, இரண்டாவது மற்றவர்களுக்கு. அட்லாண்டாக்காரி ஒரு நாளில் நான்கைந்து முறை இதிலிருந்து அதற்கு மாறிக்கொண்டிருப்பாள்.

இது இன்று நேற்று வந்த பழக்கமும் அல்ல. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பிறந்த கறுப்பின நடனக்காரி ஜோசபின் பேக்கர் 1925-இல் பாரிஸ் மேடைக்கு வந்தார், நகரம் அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. 1937-இல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார், போரில் நாஜிகளுக்கு எதிரான எதிர்ப்பியக்கத்துக்கு உளவு சேகரித்துக் கொடுத்தார், 2021 நவம்பர் 30 அன்று, பிரான்ஸ் தன் பெருமக்களை வைத்துப் போற்றும் நினைவாலயமான பந்தியோனில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். எல்லாம் பெருமைக்குரியதுதான். ஆனால் அவரைக் கொண்டாடிய அதே பாரிஸ்தான் 1931-இல் வேன்சேன் காட்டில் காலனியக் கண்காட்சி நடத்தி, தான் ஆண்டுகொண்டிருந்த ஆப்பிரிக்காவைக் காட்சிப்பொருளாக வைத்தது. அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பு ஒரு கணக்கு, சொந்தக் காலனியிலிருந்து வந்த கறுப்பு வேறொரு கணக்கு. இப்போதும் பேரேட்டை மூடவில்லை. பிரான்சில் வளர்ந்த, மாலியில் பிறந்த பாடகி ஆயா நகமுரா 2024 ஒலிம்பிக் தொடக்க விழாவில் பாடப்போகிறார் என்ற பேச்சு எழுந்ததும், தீவிர வலதுசாரிக் குழுவொன்று சேன் நதிக்கரையில் "இது பாரிஸ், பமாகோ சந்தை அல்ல" என்று பதாகை பிடித்தது. பமாகோ மாலியின் தலைநகரம். ஜூலை 26 அன்று அவர் குடியரசுக் காவல்படையின் இசைக்குழுவோடு சேர்ந்து ஆடிப்பாடினார் என்பது வேறு விஷயம். அன்று அட்லாண்டாக்காரி எனக்குத் தொலைபேசியில் அழைத்து ஒன்றும் பேசாமல் கைதட்டலை மட்டும் கேட்கவைத்தாள்.

பூங்காக் கதையைச் சொல்கிறேன். வசதியானவர்கள் வாழும் 16ஆம் வட்டாரத்துப் பூங்கா ஒன்றில், ஞாயிறு மதியம், புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்துப் பூங்காக்களில் வெள்ளைக் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிப்போகும் கறுப்பினப் பெண்கள் சகஜம். "நூனூ" என்பார்கள், குழந்தை பார்த்துக்கொள்பவர்கள். ஒரு மூதாட்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மிகவும் அன்பாக, புதன்கிழமை மதியங்களில் ஓய்வாக இருக்கிறாயா, என் பேரனுக்கு ஆள் தேடுகிறேன் என்று கேட்டிருக்கிறார். அட்லாண்டாக்காரி கோபத்தில் கொதித்துப்போனாள் என்று முதலில் எழுதியிருந்தேன். அவள் திருத்திய இடம் இதுதான். "கோபமே வரவில்லை. மணிக்கு எவ்வளவு கேட்கலாம் என்றுதான் யோசித்தேன்" என்றாள்.

அவளுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது தம்பி வந்திருந்தபோது. இருபத்திரண்டு வயதுப் பையன், உயரம், தலையில் தொப்பி. பத்து நாள் தங்கினான், இரண்டு முறை போலீஸ் மறித்து அடையாள அட்டை கேட்டது. இரண்டு முறையும் நீல அமெரிக்கக் கடவுச்சீட்டைப் பார்த்ததும் சிரித்து, "விடுமுறையா? நன்றாகச் சுற்றிப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அவன் அதை ஒரு நகைச்சுவையாகச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. அந்தக் கடவுச்சீட்டு இல்லாத பையனுக்கு அடுத்து என்ன நடக்கும் என்பதுதான் அவள் கேள்வி. உரிமைகள் பாதுகாவலர் என்ற பிரெஞ்சு அரசமைப்பு நிறுவனம் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, கறுப்பராகவோ அரபியராகவோ தெரியும் இளைஞர்களை மறித்துச் சோதிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 20 மடங்கு அதிகம் என்றது. மற்றவர் கண்ணுக்கு நீங்கள் எப்படித் "தெரிகிறீர்கள்" என்று அவரவரிடமே கேட்டு வாங்கிய கணக்கு இது. ஏனென்றால் பிரான்சில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இனத்தைப் பதிவுசெய்வதில்லை. நாட்டில் எத்தனை கறுப்பர்கள் என்று அரசிடம் கேட்டால், எங்களுக்குக் குடிமக்கள்தான் தெரியும் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

சொல்லுக்கும் கூச்சம். கறுப்பு என்பதற்குப் பிரெஞ்சில் "நுவார்" என்று நல்ல சொல் இருக்கிறது. ஆனால் படித்த பாரிஸ்காரர்கள் பலர் அதைச் சொல்லத் தயங்கி, குரலைத் தாழ்த்தி, ஆங்கிலத்தில் "பிளாக்" என்பார்கள். அவள் அலுவலகத்தில் ஒருவர் இப்படிச் சொன்னபோது, "நுவார் என்றே சொல்லுங்கள், நான் கண்ணாடி பார்ப்பதுண்டு" என்றாளாம்.

இப்போது நம் பக்கம். நாங்கள் இருந்த வீட்டிலிருந்து லா ஷாப்பேல் நடக்கும் தூரம். பாரிஸ் தமிழர்களின் கடைத்தெரு, பெரும்பாலும் ஈழத்தமிழர்கள் நடத்துவது. வெண்டைக்காய், வாழைக்காய், மரவள்ளி எல்லாம் கிடைக்கும் என்பதால் மேற்கு ஆப்பிரிக்கர்களும் அங்கே வாங்குவார்கள். அட்லாண்டாக்காரிக்கும் வெண்டைக்காய் என்றால் உயிர், அவள் பாட்டி வைக்கும் குழம்பில் அதுதான் பிரதானம். ஒருநாள் கடையில் என்னிடம் கேட்டாள்: "நான் வந்தால் உள்ளே இருப்பவர்கள் ஒரு சொல் சொல்கிறார்கள். காப்பிலி. என்ன அர்த்தம்?"

என்ன சொல்வேன்? காய்கறி பெயர் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகு சொன்னேன். ஆப்பிரிக்கர்களை இழிவாகக் குறிக்கும் சொல், தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர்கள் வசையாகப் பயன்படுத்திய "காஃபிர்" என்ற சொல்லுக்கு உறவு, இலங்கைக்கு ஐரோப்பியர் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களுக்கும் அந்தப் பெயர்தான் ஒட்டியது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டு வெண்டைக்காயை முனை ஒடித்துப் பார்த்துப் பொறுக்கினாள். (ஒடித்துப் பார்ப்பதை நான்தான் கற்றுக்கொடுத்தேன். கடைக்காரருக்கு அதில் எரிச்சல்.) கல்லாவுக்குப் பக்கத்து அடுக்கில், 2020-இல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்ட அந்தச் சிவப்பழகு கிரீம் வரிசையாக இருந்தது. அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பேச்சு ஓடவில்லை. மறுவாரம் நான் தனியாகப் போய் அந்தக் கடைக்கார அண்ணனிடம் சொன்னேன். "தங்கச்சி, நாங்கள் அதை ஒரு பேருக்குச் சொல்கிறோம், மனதில் ஒன்றும் இல்லை" என்றார். மனதில் இல்லாததெல்லாம் வாயில் எப்படி வருகிறதோ. அதற்குப் பிறகு நாங்கள் இருக்கும்போது அவர் சொல்லவில்லை. இல்லாதபோது சொல்கிறாரா என்று எனக்கு எப்படித் தெரியும்?

பிறகு ஏன் அங்கேயே இருக்கிறாள் என்று கேட்பீர்கள். தூங்க முடிகிறது என்பாள். ஊரில் கார் ஓட்டும்போது பின்னால் போலீஸ் விளக்கு சுழன்றால் நெஞ்சு அடைக்கும், இங்கே அந்தப் பயம் உடம்பிலிருந்து இறங்கிவிட்டது என்பாள். அவள் அக்கா பிரசவத்தின்போது வலி தாங்கவில்லை என்று கதறியதை அங்கே யாரும் காதில் வாங்கவில்லை, பிழைத்தது அதிர்ஷ்டம். அமெரிக்காவில் 2021-இல் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 69.9 கறுப்பினத் தாய்மார்கள் இறந்தார்கள். வெள்ளையரில் அது 26.6. பாரிஸில் குடும்ப மருத்துவர் அரைமணி நேரம் உட்காரவைத்துப் பேசினார், கட்டணத்தில் பெரும்பகுதி திரும்பி வந்தது. ஆனால் பிரான்சும் சொர்க்கமல்ல. 2017 டிசம்பரில் ஸ்ட்ராஸ்பூரில் நவோமி முசெங்கா என்ற 22 வயதுக் கறுப்பினப் பெண் அவசர உதவியை அழைத்து, சாகப்போகிறேன் என்று முனகியபோது, எடுத்தவர் கேலி செய்தார். அன்றே அந்தப் பெண் இறந்தார். மறுவருடம் ஒலிப்பதிவு வெளியாகி நாடே கொந்தளித்தது. அந்தச் செய்தியைப் படித்த பிறகு அட்லாண்டாக்காரி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் எல்லாவற்றையும் பிரெஞ்சில் முழு வாக்கியங்களாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள். அமெரிக்க இழுவையோடு.

கோடையில் நீச்சல் குளத்துக்குப் போனோம். நகராட்சிக் குளங்களில் தலைத்தொப்பி கட்டாயம். அங்கே விற்கும் தொப்பியில் அவளுடைய பின்னல்களில் கால்வாசிகூட அடங்கவில்லை. சேன் நதியில் மிதக்கும் நீச்சல் குளம் ஒன்றுக்கு ஜோசபின் பேக்கர் பெயரையே வைத்திருக்கிறார்கள். நாங்கள் போனது வேறொன்று. அவள் கரையில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துவிட்டு வந்தாள்.

தலைமுடிக்கு என்று ஒரு சனிக்கிழமை முழுதும் போகும். சாதாரண பிரெஞ்சு சலூனில் அவள் முடியைப் பார்த்ததும் கையைப் பிசைவார்கள். ஆகவே நான்காம் எண் மெட்ரோ பிடித்து ஷாத்தோ தோ நிலையம். படியேறும்போதே "வாங்க சகோதரி, முடி பின்னவா?" என்று ஆள்பிடிப்பவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். வழியெல்லாம் மேற்கு ஆப்பிரிக்க மொழிகளான பம்பாராவிலும் உலோஃபிலும் பேசிப் பார்ப்பார்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. "உன் ஊர் எது?" "அட்லாண்டா." "அது சரி, அதற்கு முன்னால்?" வெள்ளைக்காரர் இதைக் கேட்டால் முறைக்கும் அவள், இங்கே கேட்டால் மட்டும், தெரியவில்லையே என்று மெதுவாகச் சொல்வாள்.

அந்தச் சாலையில் 2014-இல் சம்பளம் தரப்படாத சலூன் தொழிலாளர்கள் கடையிலேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். பலரிடம் தங்கும் அனுமதியே கிடையாது. அட்லாண்டாக்காரிக்கு முடி தைக்கும் பெண் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் உள்ள அபிஜானிலிருந்து வந்தவர், ஏழு வருடமாக அனுமதிக்குக் காத்திருந்தார். நாற்காலியில் எக்ஸ்பா, நாற்காலிக்குப் பின்னால் இமிக்ரே. அட்லாண்டாக்காரி அங்கே மட்டும் தாராளமாகப் பணம் வைப்பாள். அந்த அக்கா அதை எண்ணாமல் மடித்துக்கொள்வார்.

சொந்த முடியை மண்டையோடு ஒட்டிப் பின்னி, அதன்மேல் வாங்கிய முடியை ஊசி நூலால் தைப்பார்கள். வாங்கும் கட்டின் மேல் "இந்திய முடி" என்று எழுதியிருக்கும், ஒரு கட்டு நூறு யூரோவுக்கு மேல். ஏழு வயதில் பழனியில் எனக்கு மொட்டை போட்டதையும், கோயில்களில் இறக்கும் முடி ஏலத்துக்குப் போவதையும் அன்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"உனக்கு எவ்வளவு கொடுத்தார்கள்?" என்று அபிஜான் அக்கா கேட்டார்.

"ஒன்றும் கொடுக்க மாட்டார்கள். நாம்தான் சாமிக்குக் கொடுக்கிறோம்."

ஊசி நின்றது. கட்டைத் திருப்பி விலைச்சீட்டைப் பார்த்தார். "அப்படியானால் இதை எங்களுக்கு விற்றது சாமியா?"

அட்லாண்டாக்காரி சிரித்ததில் தலை ஆடி, தைத்த வரிசை கோணிப்போய்விட்டது. அதைப் பிரித்து மறுபடி தைத்து முடிக்க இன்னும் முக்கால் மணி நேரம் ஆனது.