காப்பி அடித்தே வாசிக்கிறேன், தப்பா?

கேள்வி: மில்லில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன், வயது 28. யாரிடமும் போகாமல், யூடியூப் பார்த்து நானே கிடார் கற்றுக்கொண்டேன். பிடித்த சோலோக்களை அப்படியே வாசித்துவிடுவேன். ஆனால் ‘உனக்கென்று ஒரு சவுண்டே இல்லை’ என்கிறான் நண்பன். நோட்டேஷன் படிக்கத் தெரியாது. ராத்திரி வாசித்தால் பக்கத்து வீட்டில் சத்தம் போடுகிறார்கள். இனி ஒரு மாஸ்டரிடம் சேர்ந்து முதலிலிருந்து தொடங்க வேண்டுமா, விட்டுவிடலாமா?
— பெயர் வேண்டாம், திண்டுக்கல்.

பதில்: அன்புள்ள தம்பி, விட்டுவிட வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படிக்கும்போதே எனக்கு வெஸ் மாண்ட்கமரி ஞாபகம்தான் வந்தது. ஜாஸ் கிடாரில் மிகப் பெரிய பெயர். நீங்கள் குறை என்று எழுதியிருப்பதெல்லாம் அவருக்கும் இருந்தது.

1923இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் பிறந்தவர். சிறுவயதில் அண்ணன் மாங்க் கொடுத்த நான்கு தந்தி கிடாரை வாசித்ததுண்டு. ஆறு தந்தி கிடாரைக் கையில் எடுக்கும்போது இருபது வயதை நெருங்கிவிட்டார். பென்னி குட்மேன் குழுவில் வாசித்த சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டு ஒன்றைக் கேட்டதில் வந்த ஆசை அது. வாத்தியார் யாரும் இல்லை. தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காதாலேயே கேட்டு, கிறிஸ்டியனின் சோலோக்களைச் சுரம் பிசகாமல் மனப்பாடம் செய்தார். அதை வைத்தே ஊரில் ஒரு கிளப்பில் வேலையும் கிடைத்தது. சோலோ வரும் இடத்தில் கிறிஸ்டியன் வாசித்ததை அப்படியே வாசிப்பார், முடிந்ததும் நிறுத்திக்கொள்வார். அவ்வளவுதான் அப்போது அவருக்குத் தெரியும்.

ஆகவே காப்பி அடிப்பதைப் பற்றி வெட்கப்படாதீர்கள். காதால் கேட்டு ஒரு சோலோவை முழுசாகப் பிடிப்பவருக்கு, எந்தச் சுரம் எந்தக் கார்டின் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டத்தின்) மேல் உட்காருகிறது என்பது தானாகவே கைக்கு வந்துவிடும். எந்தத் தந்தியில் எந்த இடத்தில் விரல் வைப்பது என்று எண்களால் காட்டும் ‘டேப்’ (tab) குறிப்பைத் திரையில் பார்த்து விரல் வைக்கிறீர்கள் என்றால் மட்டும் அதை இன்றே நிறுத்துங்கள். அதில் கண்தான் கற்றுக்கொள்கிறது.

அடுத்து, சத்தம். வெஸ் வீட்டிலும் இதே சிக்கல். ஆம்ப்ளிஃபயரில் பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) போட்டு வாசித்தால் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு. பிக்கை வைத்துவிட்டுக் கட்டைவிரலின் சதையால் தந்தியை மீட்ட ஆரம்பித்தார். நகமோ பிக்கோ படாததால் சுரம் தொடங்கும்போது அந்த ‘டிக்’ ஒலி கிடையாது. உருண்டையாக, கதகதப்பாக வரும். பிறகு எவ்வளவு பெரிய மேடை கிடைத்தபோதும் அந்தக் கட்டைவிரலை அவர் விடவில்லை. உலகம் அவரை அடையாளம் கண்டுகொண்டதே அந்த நாதத்தால்தான்.

இன்னொன்று, ஆக்டேவ். இன்று ராத்திரியே செய்து பாருங்கள். ஆள்காட்டி விரலை ஆறாம் தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டில் (கிடார் கழுத்தில் உலோகக் கம்பிகள் பிரிக்கும் கட்டத்தில்) வையுங்கள். சுண்டுவிரலோ மோதிரவிரலோ, வசதியானதை நான்காம் தந்தியின் ஏழாம் ஃப்ரெட்டில் வையுங்கள். ஒரே சுரம், ஒரு ஸ்தாயி வித்தியாசம். நடுவில் இருக்கும் ஐந்தாம் தந்தி பேசக்கூடாது. ஆள்காட்டி விரலின் அடிச்சதை அதை லேசாகத் தொட்டபடி இருந்தால் ஊமையாகிவிடும். இப்போது கட்டைவிரலால் மூன்றையும் சேர்த்துக் கீழே இழுங்கள், இரண்டு மட்டும் கேட்கும். நான்காம் தந்திக்கும் இரண்டாம் தந்திக்கும் போகும்போது இடைவெளி மூன்று ஃப்ரெட் ஆகும். மூன்றாம், முதல் தந்திகளுக்கும் அப்படியே. ஒரு ராகத்தை, ஒரு பாட்டை முழுக்க இப்படி ஓட்டுவது லேசில்லை. வெஸ்ஸுக்கே பழகும்போது தலைவலி வந்ததாம். அவர் சோலோவை ஒற்றைச் சுரங்களில் தொடங்கி, ஆக்டேவுக்கு ஏறி, கடைசியில் முழுக் கார்டுகளாகவே வாசித்து முடிப்பார். அந்த ஏற்றம் எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

இதெல்லாம் அறைக்குள் தனியாக உட்கார்ந்து மட்டும் வந்துவிடவில்லை. 1948 முதல் 1950 வரை லயனல் ஹாம்ப்டனின் ஜாஸ் குழுவோடு ஊர் ஊராகப் போனார். அப்புறம் குடும்பத்துக்காக ஊர் திரும்பி, பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் கிளப் என்று ஆண்டுக்கணக்கில் ஓட்டினார். மாங்க் பேஸ் வாசிப்பார், ‘பட்டி’ (Buddy) என்ற தம்பி பியானோ வாசிப்பார். 1959இல் சாக்ஸஃபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி அவர் வாசிப்பைக் கேட்டு வியந்து ரிவர்சைட் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்குச் சொல்ல, அதன் பிறகுதான் பெயர் வெளியே தெரிந்தது. அப்போது வயது 36. பின்னாளில் ஆர்க்கெஸ்ட்ரா பின்னணியோடு வந்த தட்டுகள் நன்றாக விற்றன; எனக்கு 1960ஐ ஒட்டிச் சிறிய குழுவோடு செய்தவைதான் பிடிக்கும், அவர் மனம்போல் வாசிக்க அங்கேதான் இடம் இருக்கிறது. 1968இல் 45 வயதில் மாரடைப்பில் போய்விட்டார்.

உங்களுக்கும் துணை தேவை. கார்டு பிடிக்க ஒருவர், முடிந்தால் கஹோன் (பெட்டி வடிவத் தாள வாத்தியம்) தட்ட ஒருவர். மனப்பாடமான சோலோவின் முதல் பாதியை அப்படியே வாசியுங்கள், இரண்டாம் பாதியில் அதை விட்டுவிட்டு அதே கார்டுகளின் மேல் உங்கள் இஷ்டப்படி போங்கள். போனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். திரும்பத் திரும்ப நீங்கள் போய் நிற்கும் சில இடங்கள் கேட்கும். அவற்றைத் திருத்தாதீர்கள், வளர்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டேஷன்? வெஸ் கடைசிவரை படிக்காமலே இருந்தார். அதைச் சாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவருடைய காது அபூர்வமானது. ஸ்டூடியோ வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் வாரம் ஒரு நாள் ஒரு மாஸ்டரிடம் போங்கள். ‘கையை மாற்ற வேண்டாம் சார், படிக்க மட்டும் சொல்லிக் கொடுங்கள்’ என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.